இரண்டாவது எர்த்

போன மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரம் பார்த்து செந்தில் போன் செய்தான். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கம்பெனியில் இப்போது நெட்வொர்க் பிரிவை அவன்தான் பார்க்கிறான். கப்பலூர்ப் பக்கம் ஒரு பழைய நூல் மில்லை யாரோ வாங்கிக் கிடங்காக மாற்றுகிறார்களாம். உள்ளே வைஃபை போடும் வேலை இவர்களுக்கு வந்திருக்கிறது.

"அண்ணே, கூரைக்கு அடியில கறுப்பா ஒரு கேபிள் போகுது. டிவி கேபிள் மாதிரி இருக்கு, ஆனா அது இல்ல. ஒரு முனையில சைக்கிள் டியூப்பை வெட்டி மாட்டி வச்சிருக்காங்க. எந்தக் கோமாளி பாத்த வேலைன்னு தெரியல. வெட்டிரலாமா?"

எனக்குச் சுருக்கென்றது. "கோமாளின்னு சொல்லாத. கொஞ்சம் பொறு, நானே கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டேன். தூக்கம் போய்விட்டது. அந்த டியூப் துண்டை மாட்டிய கை எனக்குத் தெரியும். அது மாட்டப்பட்ட அன்று ஒரு மனிதருக்கு வேலை போவதாக இருந்தது.

எழுபதுகளின் கடைசியில் நான் பாலிடெக்னிக் முடித்து வெளியே வந்தபோது, மதுரையில் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு மாடியில் இருந்த எங்கள் கம்பெனியில் முதல் சில வருடம் கால்குலேட்டரும் டெலிபிரின்டரும்தான் கழற்றி மாட்டினேன். அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. வந்ததெல்லாம் ஒன்றோடு ஒன்று பேசாத தனிக்கட்டைகள். ஓர் அறையில் அடித்ததை அடுத்த அறைக்குக் கொண்டுபோக, பிளாப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓர் ஆள் நடக்க வேண்டும். நம்மூர் வெயிலில் சட்டைப் பை வேர்வைக்கே பாதிப் பிளாப்பி கெட்டுப்போகும்.

பிறகு அவற்றைக் கேபிளால் இணைக்கும் வித்தை வந்தது. மெட்ராஸில் பயிற்சிக்குப் போனபோது அதன் மூத்த வகையைப் பார்த்தேன். கட்டைவிரல் தடிமனில் மஞ்சள் கேபிள், வளை என்றால் வளையாது. இடையில் ஒரு கம்ப்யூட்டரைச் சேர்க்க வேண்டுமென்றால் கேபிளைத் துளைத்து, நடுக் கம்பியைத் தொடும்வரை ஓர் ஊசியை இறக்க வேண்டும். கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் போச்சு. மதுரைக்கு வந்து சேர்ந்தது அதன் தம்பி, சுண்டுவிரலைவிட மெலிந்த கறுப்புக் கேபிள். விலையும் குறைவு, சொன்னபடியும் கேட்கும்.

இப்போதைய பிள்ளைகளுக்கு அதை விளக்குவது கஷ்டம். இன்றைக்கு ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனி வயர், எல்லாம் ஒரு பெட்டியில் போய்ச் சேரும், ஒன்று அறுந்தால் அது மட்டும்தான் சாகும். அன்றைக்கு ஒரே கேபிள், ஒரு தெருவைப் போல எல்லார் வாசலையும் தொட்டுக்கொண்டு போகும். ஒவ்வொரு வாசலிலும் ஆங்கில டி வடிவத்தில் ஓர் உலோகத் துண்டு. அதன் இரண்டு கையில் கேபிள், காலில் கம்ப்யூட்டர். ஒருவர் பேசினால் தெருவில் எல்லார் காதிலும் விழும். யாருக்கான பேச்சோ அவர் மட்டும் எடுத்துக்கொள்வார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாயைத் திறந்துவிட்டால் இருவரும் நிறுத்தி, ஆளுக்கொரு அளவு பொறுத்து, மறுபடி ஆரம்பிக்க வேண்டும். எங்கள் வீட்டில்கூட இந்த ஒழுங்கு கிடையாது.

கேபிளின் இரண்டு முனைக்கும் ஒரு மூடி உண்டு. மூடிக்குள் ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்கும். அது இல்லையென்றால் முனைக்குப் போன சிக்னல், கிணற்றுக்குள் கத்திய குரல் மாதிரி திரும்பி வந்து எல்லார் பேச்சையும் குழப்பிவிடும். நடுவில் எங்காவது ஒரு டி லூசானாலும் தெரு முழுக்க ஊமை. இன்னொன்று. நடுக் கம்பியைச் சுற்றிப் பின்னல் மாதிரி ஓர் உலோக உறை இருக்கும், வெளி மின்சாரத்தின் இரைச்சல் உள்ளே வராமல் தடுக்க. அந்தப் பின்னலை எர்த்தோடு, அதாவது மண்ணில் புதைத்த தகட்டோடு சேர்க்க வேண்டும். ஆனால் ஒரே ஓர் இடத்தில்தான் சேர்க்க வேண்டும். மற்றதை மறந்தாலும் பரவாயில்லை, இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தலைமை இன்ஜினியர் ஞானராஜ் சார். மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் மகன். ஆபீஸ் கூட்டும் அம்மாவிலிருந்து முதலாளி வரை எல்லாரையும் 'நீங்க' என்பார். ரிப்பேருக்குப் போனால் முதலில் எதையும் தொட மாட்டார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு கேபிளின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடப்பார். திரும்பவும் நடப்பார். எனக்குக் கை அரிக்கும்.

"சார், கழட்டிப் பாத்துருவமா?" என்பேன்.

"கழட்டிட்டா, அதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு யார்கிட்டப் போய்க் கேப்பீங்க செல்வம்?" என்பார்.

நடந்து முடித்தபின் மூடிகளைச் சோதிப்பார். டி ஒவ்வொன்றையும் லேசாகத் திருகிப் பார்ப்பார். அப்புறம் கேபிளைப் பாதியில் பிரித்து, பிரித்த இடத்தில் மூடி போட்டு, எந்தப் பாதி பேசுகிறது என்று பார்ப்பார். பேசாத பாதியை மறுபடி பாதியாக்குவார். கோளாறு கடைசியில் ஒரு முழத்துக்குள் அகப்பட்டுவிடும். இதற்கிடையே அங்கிருப்பவர்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "கடைசியா இங்க என்ன மாத்துனீங்க?" யார் மாற்றியது என்று கேட்கவே மாட்டார். ஓர் ஆபீசில் நான் "யாருய்யா இதைத் தொட்டது" என்று சத்தம் போட, திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் மெதுவாகச் சொன்னார்: "யாருன்னு கேட்டா வாய் மூடிக்கிரும் செல்வம். என்னன்னு கேட்டாத்தான் தொறக்கும்."

செந்தில் சொன்ன மில்லுக்குக் கேபிள் போட்டது நாங்கள்தான், எண்பதுகளின் கடைசியில். மெயின் ஆபீசில் சர்வர். அங்கிருந்து ஆட்களின் வருகையைப் பதிகிற டைம் ஆபீஸ், ஸ்டோர்ஸ், அப்புறம் பெரிய முற்றத்தைத் தாண்டி நூல் குடோன். குடோன் தனிக் கட்டடம். அதற்குத் தனி மின் பலகை, தனி எர்த் குழி. விதிப்படி கேபிளை மெயின் ஆபீஸ் முனையில் மட்டும் எர்த் செய்தோம். குடோனில் மூட்டை எடை போட்டதும் மேனேஜர் மேசையில் கணக்கு வந்து நிற்கும். வருகிற விருந்தாளிக்கெல்லாம் அவர் அதைக் காட்டிக்கொண்டிருந்தார்.

மில் எலக்ட்ரீஷியன் கருப்பையா அண்ணன் எங்களோடு ஏணியில் ஏறிக் கேபிள் இழுத்துக் கொடுத்தவர். சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிற குடும்பம். வெற்றிலை இல்லாமல் அவர் வாயை நான் பார்த்ததில்லை. மில் யூனியனுக்கு அவர்தான் செயலாளர். கேபிளை இழுத்துக்கொண்டே கேட்பார்: "ஏன் மாப்ள, இந்தக் கறுப்புக் கயிறு எம்புட்டுப் பேரு கழுத்துக்குன்னு சொல்லிட்டுப் போட்டா நல்லாருக்கும்ல?" நான் சிரித்து வைப்பேன். அவர் அதையே கேட் மீட்டிங்கில் மைக் பிடித்துச் சத்தமாகக் கேட்டார். மேனேஜர் காதுக்கும் போனது.

சில மாதம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. சித்திரை வெயில் ஏறிய நேரத்தில் கோளாறு ஆரம்பித்தது. சாயங்கால ஷிப்டு மாறும்போது எல்லா ஸ்கிரீனும் அப்படியே உறைந்துவிடும். கொஞ்ச நேரத்தில் தானாக உயிர் வரும். சில நாள் வராது. சார் இல்லாமல் நான் மட்டும் இரண்டு தடவை காலையில் போய் ஆபீசிலிருந்தே பார்த்தேன். கேபிள் பச்சைப் பிள்ளை மாதிரி ஒழுங்காக இருந்தது.

மூன்றாம் தடவை மேனேஜரே எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் ஒன்றை முடிவு செய்துவிட்டால் அதிலிருந்து இறங்க மாட்டார்.

"ஷிப்டு மாறும்போது குடோன் வராண்டா வழியாத்தான் ஆளுக போறாங்க. கேபிளும் அது வழியாத்தான் போகுது. கருப்பையாவும் அந்நேரம் அங்கதான் நிக்கிறான். கூட்டிக் கழிச்சுப் பாருங்க. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள எனக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும், மனுஷன் கை வச்சுத்தான் இது கெடுதுன்னு. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

"பாத்துட்டுச் சொல்றேன் சார்" என்றார் ஞானராஜ் சார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

ஆபீஸ், டைம் ஆபீஸ், ஸ்டோர்ஸ் எல்லாம் சரி. பாதியாக்கிப் பார்த்தோம், அதுவும் சரி. முற்றம் கடந்து குடோனுக்கு வந்தபோது, அங்கே கம்ப்யூட்டரில் உட்காரும் ஸ்டெல்லாவின் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. கோச்சடையிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். டைப்பிஸ்டாகச் சேர்ந்து கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டவள். சார் வாசலில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என்னிடம் மட்டும் சொன்னாள்.

"அண்ணே, கருப்பையாண்ணனை டிஸ்மிஸ் பண்ற ஆர்டரை அடிக்கச் சொல்லிட்டாங்க. நான்தாண்ணே அடிச்சேன். சர்வர்ல இருக்கு. சாயங்காலம் பிரின்ட் எடுத்துக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. வேலை போனா மில்லுல குடுத்த லைன் வீடும் போயிரும்ணே அவருக்கு. பிள்ளைகளை வச்சுக்கிட்டு எங்க போவாரு?"

சார் உள்ளே வந்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "கடைசியா இங்க என்ன மாத்துனீங்கம்மா?"

"ஒண்ணும் மாத்தலை சார்." கொஞ்சம் யோசித்தாள். "இதைத் தொட்டா எனக்குக் கையில ஜிவ்வுன்னு அடிக்கும் சார், அந்த இரும்பு டி இருக்குல்ல, அது. கருப்பையாண்ணன்கிட்டச் சொன்னேன். மறுநாளே ஒரு பச்சை வயர் போட்டுக் குடுத்தாரு. அதுக்கப்புறம் அடிக்கலை."

சார் மேசைக்குப் பின்னால் மண்டியிட்டார். நானும் எட்டிப் பார்த்தேன். கேபிளின் கடைசி டி. அதன் மூடியிலிருந்து ஒரு பச்சை வயர் கிளம்பி, நூல் பிடித்த மாதிரி நேராகச் சுவரில் கிளிப் அடித்துக் குடோனின் எர்த் பட்டையில் போய் முடிந்திருந்தது. முனையில் லக் என்கிற செப்பு வளையம் வைத்து முறுக்கியிருந்தார். குறை சொல்ல முடியாத வேலை.

"பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கா முடிஞ்சிருச்சு" என்றேன்.

கேபிளுக்கு இப்போது இரண்டு எர்த். ஆபீஸ் பக்கம் ஒரு குழி, குடோன் பக்கம் ஒரு குழி. ஷிப்டு மாறும்போது பஞ்சு உலராமல் இருக்க ஈரக்காற்று அடிக்கும் பெரிய விசிறியும் நூற்கிற மெஷின்களும் ஒன்றாகக் கிளம்பும். வெயிலில் மண் காய்ந்து கிடக்கும் குழிகள் இரண்டும் அந்த நேரம் ஒரே மின் மட்டத்தில் நிற்காது. இரண்டு கண்மாய்க்கு நடுவே வாய்க்கால் வெட்டிவிட்டு, ஒன்றில் தண்ணீர் ஏறினால் வாய்க்காலில் ஓடாமல் இருக்குமா? கேபிளின் பின்னல் உறைதான் அந்த வாய்க்கால். அதில் மின்சாரம் ஓடும்போது உள்ளே போகிற பேச்சு நாசமாகிவிடும்.

கருப்பையா அண்ணன் ஏன் அப்படிப் போட்டார் என்பதும் எனக்குத் தெரியும். சார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். குடோன் சுவரில், மில்லின் எல்லாப் பகுதியிலும் இருப்பதுபோல, சிவப்புப் பெயின்டில் ஒரு போர்டு: 'இரண்டு எர்த் இல்லாத எதையும் இயக்காதே.' கீழே, மேனேஜர் உத்தரவுப்படி. நாங்கள் வருவதற்கு முன்பு அந்த மில்லில் ஷாக் அடித்து ஒரு தொழிலாளி செத்துப்போயிருந்தார். கட்டையால் தள்ளி உடம்பை மெஷினிலிருந்து பிரித்தது கருப்பையா அண்ணன். மோட்டாருக்கு இரண்டு எர்த் என்பது எலக்ட்ரீஷியன்களுக்குப் பாலபாடம். அந்தச் சாவுக்குப் பிறகு இந்த மில்லில் அது வேதமாகிவிட்டது.

ஸ்டெல்லாவுக்கும் புரிந்துவிட்டது. "சார், இதனாலயா? எனக்காகப் போட்டதாலயா?" கண் நிறைந்துவிட்டது. "சொல்லாதீங்க சார்."

"சார், சத்தம் காட்டாம வயரைக் கழட்டிட்டுப் போயிருவோம்" என்றேன் நான். "நாளையிலருந்து நல்லா ஓடும். யாருக்குத் தெரியப் போகுது?"

"போயிரலாம். நம்ம வந்துட்டுப் போனதும் சரியாயிருச்சுன்னா மேனேஜர் என்ன நினைப்பாரு? ஆளு பயந்து நிறுத்திட்டான்னு நினைப்பாரு. ஆர்டர் போயிரும்." கைக்குட்டையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "சொன்னா, கெடுத்தது அவர் கைதான்னு ஆயிரும். சொல்லிப் பிரயோஜனம் இல்ல. காட்டணும். ஷிப்டு மாறுறதுக்கு முன்னாடி மேனேஜரைக் கூப்பிடுங்க. கருப்பையாவையும் கூப்பிடுங்க."

கருப்பையா அண்ணன் மோட்டார் ரூமில் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"எர்த் குடுத்தா கெட்டுப்போற சாமானும் உலகத்துல இருக்காய்யா?"

"இருக்குண்ணே. இது இருக்கு." சுற்றிப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "நீங்க போட்டதுன்னு ஸ்டெல்லாவைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. கம்முன்னு இருங்க."

வெற்றிலையைத் துப்பிவிட்டு, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, என் பின்னால் வந்தார்.

குடோனில் மேனேஜர் காத்திருந்தார். சார் மீட்டரை எடுத்து மேசைமேல் வைத்தார், ஊசி ஆடுகிற பழைய வகை. பச்சை வயரின் முனையை மூடியிலிருந்து கழற்றி, வயருக்கும் மூடிக்கும் நடுவே மீட்டரைக் கொடுத்தார். பெரிய விசிறியை ஒரு தடவை நிறுத்திப் போடச் சொன்னார். விசிறி கிளம்பிய சத்தம் கேட்டது. ஊசி துள்ளி எழுந்து நின்றது.

"ரெண்டு கட்டடத்து எர்த்துக்கும் இம்புட்டு வித்தியாசம் சார்" என்றார். பிறகு பச்சை வயரை இருந்த மாதிரியே மாட்டிவிட்டு, ஸ்டெல்லாவை ஏதாவது அடிக்கச் சொல்லி, மறுபடி விசிறியைப் போடச் சொன்னார். ஸ்கிரீன் உறைந்தது. வயரைக் கழற்றிவிட்டு விசிறியைப் போடவைத்தார். ஸ்கிரீன் பாட்டுக்கு ஓடியது. மூன்று தரம் காட்டினார், கடையில் புடவை விரித்துக் காட்டுகிறவர் மாதிரி, அலுப்பில்லாமல். கடைசியில் வயரைத் திரும்ப மாட்டினார்.

மேனேஜருக்கு விளங்கிவிட்டது. விளங்கியதும் அவர் கேட்ட கேள்வி எனக்குத் தெரிந்ததுதான்.

"இதை யாரு போட்டது?"

"என்னன்னு காட்டிட்டேன் சார்" என்றார் ஞானராஜ் சார்.

"யாருன்னு கேட்டேன்."

"நான்தான் போட்டேன்" என்றார் கருப்பையா அண்ணன்.

மேனேஜர் எங்கள் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? நான் சொன்னேனா இல்லையா?"

"அய்யா, பிள்ளைக்குக் கையில ஷாக் அடிக்குதுன்னு சொல்லுச்சு. போர்டுல என்ன எழுதியிருக்கோ அதைச் செஞ்சேன்."

"போர்டு மெஷினுக்குய்யா. இது வெறும் வயரு."

"ஷாக் அடிச்சா எனக்கு எல்லாம் மெஷின்தான்."

மேனேஜர் திரும்பிப் போர்டைப் பார்த்தார். அந்தச் சாவு நடந்த வாரம் பெயின்டர் பக்கத்தில் அவரே நின்று எழுதவைத்தது அது என்று ஸ்டோர்ஸில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் திரும்பியபோது குரலில் பழைய வேகம் இல்லை.

"சரிப்பா. தெரியாமச் செஞ்சது. இப்பக் கழட்டிரு."

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"கழட்ட மாட்டேன்" என்றார் கருப்பையா அண்ணன்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் அச்சில் ஏறாது. கரையேறி வந்த மனிதர் திரும்பிப் போய்க் கிணற்றில் குதிக்கிறாரே என்று பல்லைக் கடித்தேன். ஸ்டெல்லா "அண்ணே, எனக்குப் பரவாயில்லைண்ணே, கழட்டிருங்க" என்று கெஞ்சினாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. மேனேஜர் முகம் மறுபடி சிவக்க ஆரம்பித்தது.

ஞானராஜ் சார் மட்டும் கருப்பையா அண்ணனிடம் போய்க் கேட்டார்: "என்ன செஞ்சா கழட்டுவீங்க?"

"பிள்ளை கை படுற எடத்துல கரண்டு இருக்கக் கூடாது. அம்புட்டுத்தான். ஏற்கனவே ஒருத்தனைத் தூக்கிப் போட்டாச்சு. இன்னொரு தடவை என்னால ஆகாது."

சார் தலையாட்டினார். மேனேஜரைப் பார்த்துச் சொன்னார்: "அவர் கேக்குறது நியாயம் சார். ஆபீஸ் பக்கத்து எர்த் இந்தக் கேபிள் வழியா இங்க வந்து நிக்குது. இந்தக் கட்டடத்துல நிக்கிறவங்க தொட்டா அந்த வித்தியாசம் கையில அடிக்கும். அதுக்குத்தான் இந்த இரும்பு மேல ரப்பர் உறை போடணும்னு விதி. எங்களுக்கு வந்த பெட்டியில உறை இல்ல, நாங்களும் கேட்டு வாங்கலை. அது எங்க தப்பு. ஒத்த எர்த்துதான் வேணும்னு இவர்கிட்ட நாங்க சொல்லவும் இல்ல. உறையை மெட்ராஸுக்கு எழுதி வரவழைக்கிறேன்."

"அதுவரைக்கும்?" என்றார் மேனேஜர்.

கருப்பையா அண்ணன் அதற்குள் வெளியே போயிருந்தார். சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து ஒரு பழைய டியூப்போடு வந்தார். சாண் அளவு வெட்டினார். பக்கவாட்டில் கீறி, டியையும் மூடியையும் சேர்த்துக் குழந்தைக்குத் துணி சுற்றுவதுபோலச் சுற்றி, மில் நூலாலேயே இறுக்கிக் கட்டினார். உலோகம் ஒரு மயிரிழை வெளியே தெரியவில்லை. பிறகு கட்டிங் பிளேயரை எடுத்துப் பச்சை வயரை நறுக்கென்று வெட்டி, சுவர்ப் பக்கத்து முனையில் டேப் சுற்றினார்.

செருப்பைக் கழற்றிவிட்டுச் சிமென்ட் தரையில் நின்றார். கையைத் திருப்பிப் புறங்கையால் ரப்பரைத் தொட்டார். பழைய எலக்ட்ரீஷியன்கள் அப்படித்தான் தொடுவார்கள். கரண்டு இருந்தால் விரல் உள்பக்கமாக மடங்கும், உள்ளங்கையால் தொட்டவன் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்வான், புறங்கை என்றால் விலகிவிடும். தொட்டுப் பார்த்தபின் உள்ளங்கையால் முழுசாகப் பிடித்தார். விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லாம் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உக்காரு தாயி" என்றார் ஸ்டெல்லாவிடம்.

அவள் உட்காரவும் ஷிப்டுச் சங்கு ஊதவும் சரியாக இருந்தது. நூற்கிற மெஷின்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும் அதிர்வு தரை வழியாக வந்தது. தினமும் ஸ்கிரீன் செத்துப்போகிற நேரம் அதுதான். மேனேஜர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"நேத்து நீ அடிச்சியே, அது எங்க இருக்கு?"

"ஆபீஸ் சர்வர்ல சார்."

"இங்கருந்து அதை அழிக்க முடியுமா?"

"கேபிள் வேலை செஞ்சா முடியும் சார்."

"அழி."

அவள் அடித்தாள். எழுத்துத் தப்பி, மறுபடி அடித்தாள். முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஒன்றை இங்கிருந்து அழிக்க வேண்டும். நடுவில் இருப்பதெல்லாம் அந்தக் கறுப்புக் கேபிளும் ஒரு சைக்கிள் டியூப்பும்தான். சாவியைத் தட்டினாள். ஸ்கிரீன் ஒரு கணம் யோசித்தது. அந்த ஒரு கணத்துக்கு நான் வேண்டாத சாமி இல்லை. பட்டியலில் ஒரு வரி காணாமல் போனது.

"போயிருச்சு சார்" என்றாள் ஸ்டெல்லா. அழுதுகொண்டே சொன்னாள்.

மேனேஜர் வெளியே நடந்தார். கருப்பையா அண்ணன் என் தோளைத் தட்டி மெதுவாகக் கேட்டார்: "எது மாப்ள போயிருச்சு?"

"ஒண்ணும் இல்லைண்ணே. வேண்டாத பைலு" என்றேன்.

ரப்பர் உறைகள் மெட்ராஸிலிருந்து வந்தன. நானே கொண்டுபோனேன். மற்ற இடத்தில் எல்லாம் மாட்டினேன். குடோனில் மாட்டக் கருப்பையா அண்ணன் விடவில்லை. "இது நல்லாத்தான இருக்கு, உன் சீமைச் சட்டையைக் கொண்டுபோய் ஆபீஸ்ல மாட்டு" என்றார். கேட் மீட்டிங்கில் கம்ப்யூட்டரைத் திட்டுவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. அவர் சொன்னது பொய்யும் இல்லை. டைம் ஆபீசில் ஓய்வு பெற்றவர்களின் நாற்காலிக்கு ஆள் போடவில்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நான் போட்ட கேபிள் அது. இன்றைக்கும் அதைப் பற்றி எனக்குத் தெளிவான ஒரு பதில் கிடையாது.

அவர் மில்லிலிருந்து ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் மாலை போட்டுவிட்டு, "அண்ணே, அன்னைக்கு அழிச்சது என்ன பைல்னு தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே சிரித்தார். "அந்தப் பிள்ளை மறுநாளே சொல்லிருச்சுய்யா. நீ என்னைக்குச் சொல்றேன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன். இம்புட்டு வருஷமா ஆச்சு உனக்கு?"

பிறகு டியும் மூடியும் எல்லாம் போயின. தொலைபேசி வயர் மாதிரி முறுக்கு வயர் வந்தது, நடுவில் ஹப் பெட்டி வந்தது. அந்த வயரின் முனையை முதல் தடவை கையில் வாங்கியபோது புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். கை படும் இடமெல்லாம் பிளாஸ்டிக். ஞானராஜ் சார் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "கருப்பையாவுக்கு இது பிடிச்சிருக்கும்" என்றார்.

செந்திலைத் திரும்பக் கூப்பிட்டேன். இவ்வளவும் சொல்ல அவனுக்கு நேரம் இல்லை. கீழே வேலையாட்கள் காத்திருக்கிறார்களாம்.

"அந்த டியூப் பக்கத்துல சுவத்துல பச்சை வயர் ஏதும் இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்குண்ணே. பாதியில வெட்டி டேப் சுத்தியிருக்கு."

"சரி, வெட்டிரு. டெஸ்டர் வச்சுப் பாத்துட்டு, புறங்கையால ஒரு தடவை தொட்டுட்டு வெட்டு."

"செத்த வயருண்ணே அது."

"தெரியும்யா. தொட்டுட்டு வெட்டு."

சிரிப்பது கேட்டது. பிறகு ஏணி நகரும் சத்தம்.

"தொட்டேண்ணே" என்றான். "ஒண்ணும் அடிக்கலை."